மேல் வரிசையில் ஒரு சிரிப்பு முகம்

முசஃபாவில் சாரக்கட்டுக் கம்பெனியின் போர்ட்டா கேபின்.
ஏசி சொட்டும் தண்ணீருக்கு
ஒரு பெயின்ட் வாளி வைத்திருக்கிறார்கள்,
அதற்கு அடுத்த மேஜை எனக்கு.

ரோடெல் மணிலாவுக்குப் போய்விட்டான்.
நாற்காலியில் அவன் உட்கார்ந்த பள்ளம் இருந்தது.
எக்செலைத் திறந்தால்
திரையின் தலைமாட்டில்
அவன் அடுக்கிவைத்த டூல்பார்.

அடுத்தவர் அடுப்படியில் உப்பைத் தேடுவதுபோல்
கழிந்தது முதல் வாரம்.
சேமிக்கும் பட்டன் வலக்கோடியில்.
அச்சடிப்பது ஏனோ இரண்டு இடத்தில்.
ஷீட்டை வலமிருந்து இடமாகத் திருப்பும் அம்பு
எல்லாவற்றுக்கும் முன்னால்.
தெரியாமல் ஒருநாள் அதைத் தொட்டுவிட்டேன்,
முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும்
எதிர்ச்சுவருக்கு மாறி நின்றார்கள்.

ஜூலை. வெயில் இடைவேளை.
பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை
வெளியே ஒருவரும் குழாய் தூக்கக் கூடாது.
அந்த நேரத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

எழுத்துப்பிழை பார்ப்பதை முதலில் நீக்கினேன்.
எங்கள் ஷீட்டில் இருப்பதெல்லாம் பெயர்கள்,
அதற்கு ஒவ்வொரு பெயரும் பிழை.
திரவியமும் பிழை; அது என் அப்பா பெயர்,
பாஸ்போர்ட்டில் எப்படியோ அது முன்னால் வந்து
இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்,
நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

தலைப்பு வரியை உறைய வைப்பதைச் சேர்த்தேன்:
முந்நூறாவது ஆள்வரை இறங்கினாலும்
தேதிகள் மேலேயே நிற்கும்.
மதிப்பை மட்டும் ஒட்டுவது, அதுதான் முதலில்,
நாளைக்கு அறுபது தடவை வேண்டும்.
செய்ததை இல்லையென்று ஆக்கும் அம்பை
கை தானாகப் போகிற இடத்தில் வைத்தேன்.

மிஞ்சியது
மஞ்சளாய் ஒரு சிரிப்பு முகம்.
சுட்டியைக் கொண்டுபோனால் 'ஃபைனல்' என்றது.

ஃபைலை நகலெடுத்து அழுத்திப் பார்த்தேன்.
ஓவர்டைம் பத்தி ஒருதரம் கண் சிமிட்டியது.
மூன்றே முக்கால் மூன்றாயிற்று.
இரண்டரை இரண்டாயிற்று.
வெறும் முக்கால்
ஒன்றுமே இல்லாமலாயிற்று.
கூட்டுத்தொகையில் நூற்றுப் பதினெட்டு மணி நேரம் குறைவு.
ஒரே ஒரு நாள் கணக்கு இது.

அம்பை அழுத்தினேன். அசையவில்லை.
மேக்ரோ செய்ததை அது திருப்பித் தராதாம்.
நகல்தானே என்று சொல்லிக்கொண்டேன்,
சத்தமாகவே.

ரோடெலுக்குச் செய்தி அனுப்பினேன்: அந்த மஞ்சள் பட்டன்?
இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது:
'ஹைதம் சார் செய்யச் சொன்னது.
படம் மட்டும் நான் தேர்ந்தெடுத்தேன்.'

நூற்று நாற்பத்து மூன்றாம் வரிசை தனேஷ்வர் மஹதோ
மாலையில் கையெழுத்துப் போட வருகிறவன்
ஹெல்மெட்டைக் கழற்றிக் கவிழ்த்து வைப்பான்.
உட்புறம் முழுக்க மார்க்கரில் கோடுகள்.
காலுக்குக் குட்டைக் கோடு,
முக்காலுக்கு மூன்று, நெருக்கமாய்.
வியர்வை அழித்த இடங்களில்
மறுபடி எழுதியிருந்தான்.

மேக்ரோவை அழிக்கத் துணிவில்லை எனக்கு.
அடுத்த மாதம் விசா புதுப்பிக்க வேண்டும்.
பட்டனை எடுத்தேன், அவ்வளவுதான்.
இடம் காலியாகத் தெரியக் கூடாதென்று
அங்கே வடிகட்டியை வைத்தேன்.

இருபத்தைந்தாம் தேதி
ஹைதம் சார் என் தோளுக்கு மேல் குனிந்தார்.
ஏலக்காய் டீ மணத்தது.
'எங்கே அது?'
'டூல்பாரைக் கொஞ்சம் மாற்றினேன் சார்,
தினசரி வேலைக்கு வசதியாக.'
'யாருக்கு?'

நாற்காலியை விட்டுக்கொடுத்தேன்.
ரோடெலின் பள்ளத்தில் உட்கார்ந்து
ஒவ்வொரு பட்டியலாகத் திறந்து மூடினார்.
கண்டுபிடித்துவிடுவார், தெரியும்,
நாலைந்து சொடுக்குக்குக் கீழேதான் இருக்கிறது.

வாளி நிரம்பியிருந்தது.
தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.
மணலில் ஊற்றினேன், மெதுவாக,
எவ்வளவு மெதுவாக முடியுமோ
அவ்வளவு மெதுவாக.